அறை இலவசம், சாப்பாடு யார் கணக்கில்?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, அப்பா அம்மாவை நாலைந்து நாள் கடலோர ரிசார்ட்டுக்கு அனுப்பி வைக்கும் ஆசை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ அலுவலக வேலையாக ஊர் ஊராகத் தங்கியதில், ஏதோ ஒரு ஓட்டல் குழுமத்தின் உறுப்பினர் கணக்கில் பாயின்ட் சேர்ந்து கிடக்கும். அதைச் செலவழிக்க இடம் தேடும்போது கண்ணில் படுபவை ‘அடல்ட்ஸ் ஒன்லி, ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட்டுகள். அறைக்குக் காசில்லை, சாப்பாட்டுக்குக் காசில்லை என்று கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் பாயின்ட்டில் எது அடங்கும், எது அடங்காது என்று தெரியாமல் போனால், ஊர் திரும்பும் நாளில் வரவேற்பு மேசையில் நீட்டப்படும் பில் வயிற்றைக் கலக்கிவிடும்.

முதலில் அந்த இரண்டு சொற்கள். அடல்ட்ஸ் ஒன்லி என்பதைப் பார்த்துக் கூச்சப்பட எதுவுமில்லை. குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது, நீச்சல் குளத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் சத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். சில ரிசார்ட்டுகளில் 18, சிலவற்றில் 16. மாலத்தீவில் கடலுக்கு அடியில் 5.8 மீட்டர் ஆழத்தில் உணவகம் நடத்தும் ஹுராவல்ஹியில் 15. பிளஸ் டூ படிக்கும் பேத்தியையும் கூட்டிப் போகலாமா என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும்.

ஆல் இன்க்ளூசிவ் என்றால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடைப்பட்ட நேரத்து நொறுக்கு, குடிவகை, சில விளையாட்டுகள் எல்லாம் ஒரே விலைக்குள். பல இடங்களில் போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். பிறகு பர்ஸை எடுக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் மூத்த பெயர் கிளப் மெட். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார்ட் பிளிட்ஸ் 1950-ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்துத் தொடங்கினார். கிளப் மெட்டில் சாப்பாடு விலைக்குள் இருந்தது, பாரில் குடிப்பதற்கு மட்டும் மணிகள் வாங்க வேண்டியிருந்தது. கழுத்தில் தொங்கும் மணிகளைக் கழற்றிக் கொடுத்து பானம் வாங்குவார்கள். குடியையும் விலைக்குள் சேர்த்து, ஜோடிகளுக்கு மட்டும் என்று விற்றுப் பெயர் வாங்கியது ஜமைக்காவின் சாண்டல்ஸ், 1981-ல்.

பெரிய ஓட்டல் குழுமங்கள் இந்தப் பக்கம் முழுமூச்சாக வந்தது அண்மையில்தான். ஹையாட் 2021 நவம்பரில் ஆப்பிள் லெஷர் குரூப்பை 270 கோடி டாலருக்கு வாங்கியது. சீக்ரெட்ஸ், பிரெத்லெஸ் போன்ற அடல்ட்ஸ் ஒன்லி பெயர்கள் அப்படித்தான் அதன் கைக்கு வந்தன. ஹையாட் ஜிலாரா அதற்கு முன்பே இருந்தது. ஐஎச்ஜி 2022-ல் ஸ்பெயினின் இபெரோஸ்டாரோடு கைகோத்தது. மரியாட்டும் கரீபியன் தீவுகளில் இடங்களைச் சேர்த்துக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ, கரீபியன், ஸ்பெயின் பக்கம் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் இந்த வகை ரிசார்ட்டுகள் குவிந்திருப்பது மாலத்தீவில். திருச்சியில் ஏறிக் கொழும்பு வழியாகவே மாலே போய்விடலாம். இந்தியர்களுக்கு விசாவை அங்கே இறங்கியதும் கட்டணமில்லாமல் தருகிறார்கள்.

உறுப்பினர் கணக்கில் இரண்டு சரக்கு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று பாயின்ட், அது செலவழிக்க. இன்னொன்று ஸ்டேட்டஸ், அது மரியாதைக்கு. மரியாட்டின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம். எச்டிஎஃப்சி வங்கி 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த மரியாட் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு சில்வர் தானாகவே வந்துவிடும். ஹையாட்டில் உச்சமான குளோபலிஸ்ட்டுக்கு 60 இரவு வேண்டும்.

ஊர்ப்பட்ட இரவுகள் வெளியூரில் தங்கிச் சம்பாதித்த இந்த மரியாதைக்கு, நகரத்து ஓட்டலில் கிடைக்கும் பெரிய பலன் இலவசக் காலை உணவும் லவுஞ்ச் அனுமதியும். ஆல் இன்க்ளூசிவில் எல்லோருக்குமே காலை உணவு உண்டு, நாள் முழுக்கப் பானம் உண்டு. அதனால் ஸ்டேட்டஸின் பாதி அங்கே கரைந்துபோகிறது. மிஞ்சுவது நல்ல அறைக்கு மாற்றித் தருவதும், கிளம்பும் நாளில் கூடுதல் நேரம் தருவதும்தான். பிளாட்டினம்காரருக்கு நகரத்தில் மாலை 4 மணி வரை அறை உறுதி. ரிசார்ட் என்றால் ‘அறை காலியாக இருந்தால்’ என்று விதி சொல்கிறது. ஸ்டேட்டஸை நம்பி ஆல் இன்க்ளூசிவைத் தேர்ந்தெடுப்பது என் பார்வையில் வீண். பாயின்ட்டை நம்பித் தேர்ந்தெடுக்கலாம், கணக்குப் போட்டுவிட்டு.

அந்தக் கணக்கை இப்படிப் போட வேண்டும். ஓர் உதாரணம்: ரொக்கமாகக் கட்டினால் வரியெல்லாம் சேர்த்து இருவருக்கு ஓர் இரவு 50,000 ரூபாய் ஆகும் அறைக்கு 25,000 பாயின்ட் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 2 ரூபாய். அதே 25,000 பாயின்ட்டுக்குச் சென்னையில் 15,000 ரூபாய் அறைதான் கிடைக்கும் என்றால், ஒரு பாயின்ட் 60 பைசா. ரிசார்ட்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் நம் அம்மா சைவம், அப்பா குடிக்க மாட்டார். இவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ‘ஃபுல் போர்டு’ அறை 35,000-க்குக் கிடைக்கிறது என்றால், நமக்கு உண்மையான மதிப்பு 1 ரூபாய் 40 பைசாதான். மீதி, பக்கத்து மேசைக்காரரின் விஸ்கிக்கு.

குடிக்காதவர் குடிப்பவருக்குக் காசு கட்டுவதுதான் இந்த ஒரே விலைக்குள் இருக்கும் ஏற்பாடு. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அளவில்லாமல் குடிக்கலாம் என்ற விளம்பர வரியைக் கள்ளக்குறிச்சியில் யாராலும் லேசாக வாசித்துவிட முடியாது. குடிக்காதவர்கள் ஃபுல் போர்டு உள்ள ரிசார்ட்டைக் கேட்டு வாங்கலாம், மாலத்தீவில் அது தாராளமாகக் கிடைக்கிறது.

இனி, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். மாலத்தீவில் பெரிய குழுமங்களின் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் அறையைத் தனியாகவும், ஆல் இன்க்ளூசிவைக் கூடுதல் உணவுத் திட்டமாகவும் விற்கின்றன. பாயின்ட்டில் பதிந்தால் அறை மட்டும்தான் கிடைக்கும். அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். வெளியே நடந்து போய் இட்லிக் கடை தேட முடியாது. அரிசி, காய்கறி முதல் பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன, சாப்பாட்டு விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன்மேல் 17 சதவீத சுற்றுலா ஜிஎஸ்டி. இந்த வரி 2025 ஜூலையில்தான் 16-லிருந்து 17 ஆனது. ரிசார்ட்டே முழுக்க ஆல் இன்க்ளூசிவாக நடந்தால் கதை வேறு. அக்கோர் குழுமத்தின் புல்மேன் மாமுதா அப்படிப்பட்டது. ஆனால் அக்கோரில் பாயின்ட்டுக்கு நிலையான மதிப்பு, 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ தள்ளுபடி. எந்த அறையானாலும் அதே 40 யூரோதான். முன்னே சொன்ன 2 ரூபாய், 60 பைசா விளையாட்டுக்கு அங்கே இடமில்லை.

அறை முழுக்கப் பாயின்ட்டில் வந்தாலும் கைக்காசு போகும் வழிகள் இருக்கின்றன. பசுமை வரி ஆளுக்கு, இரவுக்கு 12 டாலர். இது 2025 ஜனவரியில் 6-லிருந்து இரண்டு மடங்கானது. இருவர் ஐந்து இரவு தங்கினால் 120 டாலர். அதைவிடப் பெரிய செலவு கடல் விமானம். போக வர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை கேட்பது சாதாரணம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். கொழும்பிலிருந்து சாயங்காலம் கடந்து மாலேயில் இறங்கினால் அந்த இரவு மாலேயிலேயே அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். ரிசார்ட்டில் பதிந்த முதல் இரவு பாயின்ட்டோடு போய்விடும். வேகப் படகில் எட்டும் தீவாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடைசி பில்லை நம்மூர் கார்டில் தேய்த்தால் ஃபாரெக்ஸ் மார்க்-அப்பும் அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கலாம், ஆனால் பேக்கேஜில் தங்கிய இரவுகளுக்குப் பொதுவாக உறுப்பினர் பாயின்ட்டும் வராது, சலுகையும் கிடைக்காது. குழுமத்தின் செயலியிலோ இணையதளத்திலோ நேராகப் பதிந்தால்தான் இரண்டும்.

மகனின் பாயின்ட்டில் பெற்றோர் தங்கலாம், தடையில்லை. மகனின் பிளாட்டினம் அவர்களோடு போகாது. உறுப்பினர் நேரில் வந்து தங்கினால்தான் ஸ்டேட்டஸ் பலன். ஹையாட்டில் மட்டும் ‘கெஸ்ட் ஆஃப் ஆனர்’ என்று ஒரு விருது உண்டு, அதைக் கொடுத்தால் குளோபலிஸ்ட் மரியாதை விருந்தினருக்குப் போகும். அப்பா பெயரிலேயே புதுக் கணக்கு தொடங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியது பெயர். நம்மவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அங்கே ஏறியிருக்கும். உறுப்பினர் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. இனிஷியலை ஒரு இடத்திலும், விரித்த பெயரை இன்னொரு இடத்திலும் போட்டுவிட்டால் பாஸ்போர்ட், விமானச் சீட்டு, மாலத்தீவு அரசின் இமுகா பயணப் படிவம் மூன்றும் மூன்று ஆளைக் காட்டும். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். பாயின்ட் காலாவதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மரியாட், ஹையாட் இரண்டிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் பாயின்ட் போய்விடும். மரியாட்டில் பாயின்ட் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவு பதிந்தால் நாலு இரவுக்குத்தான் கழிப்பார்கள், அதனால் நாலு நாள் திட்டத்தை ஐந்தாக்குவது நல்லது.

இப்படி ஒரு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட் நம் கல்வராயன் மலைக்கும் வந்தால் என்ன என்று மாவட்டத்தில் சிலர் கேட்கிறார்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானதிலிருந்து சுற்றுலாவைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது, மலையில் கோடை விழா நடக்கிறது. கேள்வி நியாயமானது. என் பதில், வேண்டாம்.

ஆல் இன்க்ளூசிவின் இயல்பே விருந்தாளியை மதிலுக்குள் வைத்துக்கொள்வதுதான். கையில் பட்டை கட்டியவர் வெளியே போய் டீ வாங்கிக் குடித்தால் அது அவருக்கு நஷ்டம், ஏற்கெனவே கட்டிய காசு உள்ளே இருக்கிறது. இந்த வகைப் பேக்கேஜ்களில் பயணி கொடுக்கும் பணத்தில் சுமார் 80 சதவீதம் விமான நிறுவனம், ஓட்டல், பன்னாட்டு நிறுவனங்களுக்கே போய்ச் சேர்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்லியிருக்கிறது. ஆளில்லாத தீவுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். கல்வராயனில் ஆட்கள் வாழ்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் மூன்று ஜாகிர்தார்களின் கீழ் வரி கட்டி, ஊழியம் செய்து, 1976-ல்தான் அந்த ஆட்சியிலிருந்து விடுபட்டார்கள். அவர்களுடைய சாலை, பள்ளி, மருத்துவ வசதி போன்ற அடிப்படைத் தேவைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. அந்த மண்ணில் மதில் எழுப்பி, உள்ளே இருப்பவருக்கு மட்டும் எல்லாம் அடக்கம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நில உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

மலைக்கு வருகிறவரின் காசு பல கைகளுக்குப் பிரிந்து போகும் வழி இப்போதே இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் உண்டு, குழந்தைகள் தாராளமாக வரலாம். பெரியார் அருவி சாலையை ஒட்டியே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல் வெள்ளிமலைக் கடையிலேயே மதியம் சாப்பிடலாம். சாமை, தேன், கடுக்காய், பருவத்தில் பலா எல்லாம் விளைவித்தவர், எடுத்தவர் கையிலிருந்தே வாங்கலாம். மேகம் அருவிக்கு மட்டும் கரடுமுரடான பாதையில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கூலியைக் கிளம்பும் முன்பே பேசி, திரும்பியதும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.