மண்ணில் கழிந்த காலமும் மரத்தில் கழிந்த காலமும்

பானங்கள் பிறந்த பூமி – 9

சென்ற வாரம், மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் கற்றாழையின் நடுவைக் குடைந்து, அங்கே ஊறும் சாற்றைப் புளிக்கவைத்து அருந்திய புல்கேயைப் பற்றிப் பார்த்தோம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்து சேர்ந்த பின்னர், வாலையிட்டு வடிக்கும் வித்தையும் அத்தேசத்தில் பரவியது. அந்த வித்தையால் கற்றாழையிலிருந்து இறக்கப்பட்ட மதுவகைகளுக்கெல்லாம் மெஸ்கால் என்பதே பொதுப்பெயராயிருந்தது. அவற்றுள், ஹலிஸ்கோ மாகாணத்தில் ஓர் எரிமலையின் அடிவாரத்திலுள்ள டெக்கீலா என்னும் சிற்றூரில் வடிக்கப்பட்டது மட்டும், தன் குணவிசேஷத்தால் தனிக்கீர்த்தி பெற்று, நாளடைவில் ஊரின் பெயரையே தன் பெயராக வரித்துக்கொண்டது. 1974-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ அரசு அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. இன்று ஹலிஸ்கோவிலும், வேறு நான்கு மாகாணங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும், நீலக் கற்றாழை என்னும் ஒரே கற்றாழை இனத்தை அடிப்படையாகக் கொண்டு வடிக்கப்படுவதற்கன்றி, மற்றெதற்கும் அப்பெயரைச் சூட்ட உரிமையில்லை.

இந்த நீலக் கற்றாழை, பலரும் எண்ணுவதுபோல் கள்ளியினத்தைச் சேர்ந்ததன்று. நம் வீட்டு முற்றங்களில் வளரும் சோற்றுக் கற்றாழைக்கும் நெருங்கிய உறவன்று. ரயில் பாதையோரங்களில் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழையே இதற்கு நெருங்கிய பந்து. நெல்லும் பார்லியும் சில மாதங்களில் விளைந்துவிடுகின்றன. திராட்சைக் கொடி ஆண்டுதோறும் காய்க்கிறது. நீலக் கற்றாழையோ, ஆறேழு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் உள்வாங்கிக்கொண்டு நின்று, ஒரே ஒரு முறை அறுவடைக்கு உட்பட்டு, அத்துடன் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. வட்டமான தகடு பொருத்திய நீண்ட கம்புடைய கோவா என்னும் ஆயுதத்தால், ஹிமடோர் எனப்படும் தொழிலாளி அதன் வாள்போன்ற மடல்களை ஒவ்வொன்றாகச் சீவியெறிந்தபின் எஞ்சும் அடித்தண்டு, பிரம்மாண்டமான அன்னாசிப் பழத்தைப் போலவே காட்சியளிப்பதால், அதற்கு ஸ்பானிய மொழியில் அன்னாசியைக் குறிக்கும் பின்யா என்ற பெயரே வழங்குகிறது. பச்சையாயிருக்கையில் அதில் இனிப்பு அதிகமில்லை. அடுப்பில் நெடுநேரம் வேகவைத்த பின்னரே அதனுள் பொதிந்துள்ள ஃப்ரக்டான் என்னும் கூட்டுச்சர்க்கரை எளிய சர்க்கரையாக மாறுகிறது. அவ்வாறு வெந்ததை நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து, இருமுறை வாலையில் வடித்தால் டெக்கீலா.

இதன் வகைகளை அறிய விரும்புபவர் முதலில் நோக்கவேண்டியது நிறத்தையன்று, சர்க்கரையின் மூலத்தை. முழுவதும் நீலக் கற்றாழையின் சர்க்கரையிலிருந்தே செய்யப்படுவது ஒரு ஜாதி. அதன் புட்டியில் நூறு சதவீதம் கற்றாழை என்று பொறித்திருக்கும். குறைந்தது 51 சதவீதம் கற்றாழையினின்றும், எஞ்சியது கரும்பு முதலியவற்றினின்றும் பெறுவது மற்றொரு ஜாதி. அதன் புட்டியில் டெக்கீலா என்ற சொல் மட்டுமே காணப்படும். பொன்னிறத்தைக் கண்டு முதிர்ச்சி என்று மயங்குவதற்கு இடமுண்டு. ஏனெனில், ஓரோ என்ற பெயரில் வரும் பொன்னிற வகையின் நிறம் பல சமயங்களில் சேர்க்கப்பட்ட கருக்கிய சர்க்கரைப் பாகின் நிறமேயன்றி, காலம் தந்த நிறமன்று.

இரண்டாவது பாகுபாடு, வடித்த மது ஓக் மரத்தில் தங்கியிருந்த காலத்தைப் பற்றியது. வாலையிலிருந்து இறங்கியபடியே, அல்லது இரண்டு மாதத்துக்குள் புட்டியில் அடைக்கப்படுவது பிளாங்கோ, அதாவது வெள்ளை. குறைந்தது இரண்டு மாதமாவது மரத்தில் கிடந்தது ரெபொசாடோ. இளைப்பாறியது என்று பொருள். 600 லிட்டருக்கு மேற்படாத கலத்தில் ஓராண்டேனும் இருந்தது அன்யேஹோ. மூன்றாண்டேனும் இருந்தது, 2006-இல் தனி வகுப்பாக ஏற்கப்பட்ட எக்ஸ்ட்ரா அன்யேஹோ. அமெரிக்காவில் போர்பன் விஸ்கி ஒவ்வொரு முறையும் புதிய கலத்தில்தான் ஊறவேண்டும் என்பது சட்டமாதலால், அங்கே ஒருமுறை பயன்பட்டு ஓய்ந்த பீப்பாய்கள் பல ஹலிஸ்கோவுக்கு வந்து மறுவாழ்வு பெறுகின்றன. உட்புறம் கருக்கப்பட்ட அந்த மரத்தினின்று வனிலாவின் மணமும், காய்ச்சிய சர்க்கரையின் இனிமையும் மதுவில் இறங்க, நிறமும் வைக்கோலிலிருந்து தேனுக்கும், தேனிலிருந்து செம்புக்குமாக ஏறிக்கொண்டே போகிறது. முதிர்ந்ததை வடிகட்டி, நிறத்தை நீக்கி, மீண்டும் பளிங்குபோலாக்கும் கிறிஸ்டலினோ என்ற வகையும் அண்மையில் புகழடைந்திருக்கிறது.

காலம் கூடக்கூட விலையும் கூடுவதால், முதிர்ந்ததே உயர்ந்தது என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. ஹலிஸ்கோவின் மேட்டுநிலமாகிய லோஸ் ஆல்டோஸின் செம்மண்ணில் விளைந்த கற்றாழை பழத்தின் வாசனையையும் மலரின் வாசனையையும் தரும் என்றும், டெக்கீலா ஊரைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் விளைந்தது மூலிகையும் மிளகும் கலந்த காரம் தரும் என்றும் அத்தொழிலில் ஊறியவர்கள் சொல்வார்கள். அந்த வேற்றுமை துலக்கமாகத் தெரிவது பிளாங்கோவில்தான். பீப்பாயில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் மரம் தன் பாஷையைப் பேசப்பேச, மண்ணின் குரல் சிறிது சிறிதாகத் தாழ்ந்துபோகிறது. அதுவும் ஓர் அழகே, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஓக்கின் அழகு, கற்றாழையின் அழகன்று.

சட்டம் இரண்டு மாதத்தை எண்ணுகிறது, ஓராண்டை எண்ணுகிறது, மூன்றாண்டை எண்ணுகிறது. எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிடுகிறது. செடி நிலத்தில் நின்ற ஆறேழு ஆண்டுகளுக்கோ எந்தப் புட்டியிலும் தனிப் பெயரில்லை. வகைகளிலெல்லாம் இளையதென்று கருதப்படும் பிளாங்கோவும், கன்று நட்ட ஓர் உழவன், தன் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டும்வரை காத்திருந்து பெற்ற பொருள் என்பதை நினைக்குங்கால், இளமை என்றும் முதுமை என்றும் நாம் எண்ணத் தொடங்கும் இடமே பிழையோ என்று தோன்றுகிறது.

அறுவடைக்காக நிற்கும் நீலக் கற்றாழை பூப்பதற்கு விடப்படுவதில்லை. தலைநீட்டும் பூந்தண்டை உழவர்கள் வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பூவின் தேனை நம்பி இரவில் பறந்துவரும் வௌவால்களின் கதையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)