அவித்தால் உணவு, பச்சையாகத் தின்றால் நஞ்சு: குச்சிக்கிழங்கும் வீட்டு ஆடுகளும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியை அறியாதவர் இல்லை. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளில் விளையும் இந்தக் கிழங்கிலிருந்துதான் ஜவ்வரிசி தயாராகிறது. அதன் விற்பனைக்கென்றே சேலத்தில் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது.

கிழங்கை அவித்துச் சாப்பிடும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மரவள்ளிக் காட்டில் புகுந்து பச்சை இலையை வயிறு நிறையத் தின்ற ஆடு, சிறிது நேரத்திலேயே விழுந்து இறந்துவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

மரவள்ளியின் இலை, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலையோ கிழங்கோ நசுங்கும்போது, செடியிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைக்கிறது. அப்போது கொடிய நஞ்சான சயனைடு வெளியாகிறது.

ஆடு, மாடுகளின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அதன் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் பச்சையாகவே உணவாக மாற்றித் தருபவை இவைதான். மரவள்ளி இலை உள்ளே போனால், இதே நுண்ணுயிரிகள் லினமாரினையும் வேகமாக உடைத்துவிடுகின்றன. சயனைடு இரத்தத்தில் கலந்ததும், உடலின் செல்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிவதில்லை.

மனிதனுக்கு அப்படிப்பட்ட வயிறு இல்லை; அடுப்பு இருக்கிறது. பச்சைக் கிழங்கின் மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருப்பதால் நமக்கு எளிதில் செரிக்காது. வெந்நீரில் அவை ஊதி வெடித்த பிறகே நம் குடல் நொதிகள் சுலபமாக வேலை செய்கின்றன. வேகும்போது லினமாரினின் ஒரு பகுதி நீரில் கரைகிறது; சயனைடு ஆவியோடு போகிறது.

எனவே தோலை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிடுங்கள். கசக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம். பிள்ளைகள் பச்சைக் கிழங்கைக் கடிக்க விடாதீர்கள்.

குர்பானிக்காகவோ பாலுக்காகவோ ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மரவள்ளிக் காட்டில் மேய விடாதீர்கள். இளந்தழையில் நஞ்சு அதிகம்.
• உரித்த பச்சைத் தோலையும், கிழங்கு வடித்த நீரையும் கால்நடைகளுக்கு வைக்காதீர்கள்.
• தழையைத் தீவனமாகத் தருவதென்றால், நறுக்கி வெயிலில் நன்றாக உலர்த்தி, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள்.

ஆடு மேல்மூச்சு வாங்கினாலோ, தள்ளாடினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் இதற்கு முறிவு ஊசி மருந்து உண்டு. உடனே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். என்ன தின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டைப் பிழைக்க வைக்க அந்த ஒரு தகவல் உதவும்.