டப்பாவைத் திறக்காத டப்பாவாலா

2012-ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தாராவி 90 அடி சாலையிலிருந்து என் அக்கா மகன் செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக அடுப்படிக்குப் போய், “அத்தை, இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்பது அவன் வழக்கம். அன்று நாற்காலியில் உட்கார்ந்தவன் வாயே திறக்கவில்லை.

“என்ன மருமகனே, முகம் வாடியிருக்கே?” என்றேன்.

“வேலை போயிரும் போல இருக்கு மாமா” என்றான்.

நவி மும்பையில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவனுக்கு இரவுப் பணி. சர்வர் ஒரு கட்டடத்தில், அது எழுதும் தகவல்கள் சேமிக்கப்படும் வட்டுகள் வேறொரு கட்டடத்தில். இரண்டையும் வலைப்பின்னல் கேபிள் இணைக்கிறது. இரவானால், “வந்து சேர்ந்த தகவல் சரியில்லை” என்று வட்டுப் பக்கம் புகார் சொல்லும்; இணைப்பு அறுந்து மறுபடி சேரும். கேபிளை மாற்றியவன் இவன். ஆகவே பழி இவன் தலையில். மூன்று கேபிள்களும் ஒரு நெட்வொர்க் கார்டும் மாற்றிப் பார்த்தாயிற்று. புகார் நிற்கவில்லை.

கணிப்பொறித் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அதை விளக்க வேண்டுமானால் முதலில் நம் ஊர் டப்பாவாலாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1890-ஆம் ஆண்டு வாக்கில் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கிவைத்த தொழில் இது. செம்பூரில் ஒருவர் வாங்கும் சாப்பாட்டு டப்பா, நாம் இன்னும் வி.டி. என்றே சொல்லும் நிலையம் வழியாகக் கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. ஆனால் எந்தக் கையும் டப்பாவைத் திறப்பதில்லை. மூடியில் உள்ள குறியைப் பார்க்கிறார்கள், டப்பாவை அப்படியே அடுத்தவரிடம் தருகிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு ராத்திரிதான் வரும்!

பழைய முறையில் கணிப்பொறி செய்தது இந்தப் பாத்திரம் மாற்றும் வேலையைத்தான். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது, தகவல் நிரலின் இடத்திலிருந்து கெர்னலின் ‘பேஜ் கேஷ்’ என்ற இடத்துக்குப் பிரதி எடுக்கப்படும். அங்கிருந்து வலைப்பின்னலுக்கென உள்ள தாங்கிடத்துக்கு இன்னொரு பிரதி. இவ்விரண்டும் சி.பி.யு. தன் கையால் செய்பவை. மூன்றாவதாக, நெட்வொர்க் கார்டு நினைவகத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். இதற்கு டி.எம்.ஏ. என்று பெயர், இதில் சி.பி.யு.வுக்குச் சிரமமில்லை.

இரண்டு பிரதிதானே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் விநாடிக்கு 1.25 கிகாபைட் தகவல் போகும். ஒரு பிரதி என்றால் ஒரு முறை படிக்க வேண்டும், ஒரு முறை எழுத வேண்டும். ஆக 2.5 கிகாபைட் நினைவகப் போக்குவரத்து. இரண்டு பிரதிக்கு 5 கிகாபைட். தகவலில் ஓர் எழுத்துகூட மாறாத வெட்டிவேலை இது.

ஆகவே இரண்டாவது பிரதியை விட்டுவிட்டார்கள். 4096 பைட் கொண்ட பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். “இந்த முகவரியில் உள்ளதை எடுத்துக்கொள்” என்று கார்டிடம் சொல்வதோடு சரி. அனுப்பும் முகவரிச் சீட்டு தனி, சரக்கு தனி. இரண்டையும் கார்டே சேர்த்துக்கொள்ளும். டப்பாவின் மூடிக் குறியும் உள்ளே இருக்கும் சோறும் போல. லினக்ஸில் 1999-இல் 2.2 பதிப்புடன் வந்த ‘சென்ட்ஃபைல்’ இந்த வழியில் ஒரு முக்கியமான படி. பேஜ் கேஷையே தவிர்த்து எழுதும் ‘டைரக்ட் ஐ.ஓ.’ முறையில் முதல் பிரதியும் மிச்சம்.

இங்கேதான் வினை. பிரதி என்பது வெறும் செலவு மட்டுமல்ல. அது ஒரு காவலும்கூட. தனியாகப் பிரதி எடுத்துவிட்டால், அதன்பின் நிரல் மூலத்தில் என்ன கிறுக்கினாலும் போகிற சரக்கு மாறாது. பிரதி இல்லையென்றால்? கெர்னல் பக்கத்தைப் பார்த்து ஒரு சோதனை எண் கணக்கிடுகிறது. தகவல் கிளம்புவதற்குள் நிரல் அதே பக்கத்தில் வேறொன்றை எழுதிவிடுகிறது. மறுமுனையில் சோதனை எண் ஒன்று, சரக்கு வேறொன்று. சீட்டில் ‘நாலு இட்லி’ என்று எழுதியபிறகு அம்மா ஐந்தாவது இட்லியை வைத்துவிட்ட கதைதான். அம்மா மீதும் தப்பில்லை, டப்பாவாலா மீதும் தப்பில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது.

“மருமகனே, ராத்திரி ஓடுற நிரல் கோப்பை நினைவகத்திலேயே விரிச்சு வச்சு ஓயாம திருத்துற மாதிரியா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். “ஆமா மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இந்தச் சிக்கல் வல்லுநர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். 2011-இல் வந்த லினக்ஸ் 3.0-இல் ‘நிலையான பக்கங்கள்’ என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு பக்கம் வட்டுக்கு எழுதப்பட்டு முடியும்வரை அதைத் திருத்த வரும் நிரல் வாசலில் காத்திருக்க வேண்டும். மூடி போட்டாயிற்று, இனி இட்லி வைக்கக் கூடாது! இந்தக் காத்திருப்பால் சில நிரல்கள் மந்தமாயின. அதனால் 2013-இல் வந்த 3.9-இல், சோதனை எண் பார்க்கும் சேமிப்புக்கு மட்டும் காத்திருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அவன் அலுவலகத்தில் இருந்ததோ 3.0-க்கு முந்தைய கெர்னல்.

“சோதனை எண்ணையே நிறுத்திரலாம்னு பெரியவர் சொல்றார் மாமா” என்றான்.

“புகார் நிற்கும். ஆனா நாளைக்கு நிஜமாவே கேபிள் கெட்டா யார் சொல்லுவா?” என்றேன்.

மறுநாள் இரவு அவன் ஒரு சோதனைக் கணிப்பொறியில் புதிய கெர்னலைப் போட்டு, குற்றம் சாட்டப்பட்ட அதே கேபிளை மாட்டி, அதே நிரலை ஓட்டினான். விடியும்வரை ஒரு புகாரும் இல்லை. பழைய கெர்னலுக்கு மாற்றினான். புகார் திரும்பி வந்தது. இரண்டு இரவுகளின் பதிவுகளையும் ஒரே தாளில் அச்சடித்து மேலதிகாரி மேசையில் வைத்தான். பழி நீங்கியது.

கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு வேலையை வீண் என்று நீக்குமுன், அது நமக்குத் தெரியாமல் எதையாவது காத்துக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். பழி வந்தால் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள், சோதித்துக் காட்டுங்கள். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இது கூடுதலாகவே தேவைப்படும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் வாழையிலைக் கட்டு வாங்கிக்கொண்டு வந்தான். நேரே அடுப்படிக்குப் போனான். “அத்தை, இன்னிக்கு என்ன குழம்பு?”