புயலுக்கு மெழுகுவர்த்தி வாங்கி அடுக்குகிறீர்களா?

புயல் எச்சரிக்கை வந்ததும் மளிகைக் கடையில் வேகமாகத் தீர்ந்துபோகிற பொருட்களில் மெழுகுவர்த்தியும் ஒன்று. "விலை குறைவுதானே, நாலு பாக்கெட் வாங்கிப் போடுவோம்" என்கிறோம். அந்த 'விலை குறைவு' கணக்கே தப்பு என்பதுதான் என் வாதம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஒரு ராத்திரி என்றால் நாலு மெழுகுவர்த்தியில் ஓட்டிவிடலாம். பத்துப் பதினைந்து ராத்திரிக்கு?

ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஏறக்குறைய 12 லூமென். 1 வாட் எல்இடி விளக்கு 80 முதல் 100 லூமென் வரை தரும். ஏழெட்டு மெழுகுவர்த்திக்குச் சமம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்த ஏஏ பேட்டரியில் ஆல்கலைன் வகை மூன்று போட்டால், அந்த விளக்கு சுமார் எட்டு மணி நேரம் எரியும். அதே வெளிச்சத்தை அத்தனை நேரம் மெழுகில் எடுக்க, மணிக்கு ஐந்தாறு கிராம் கரைகிற கணக்கில் 300 கிராம் மெழுகாவது வேண்டும். மெழுகு எரிவதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடுகிறது. மழைக்கு ஜன்னல் சாத்திய அறையில், ஃபேனும் ஓடாதபோது, அந்தச் சூட்டையும் நாம்தான் தாங்க வேண்டும்.

"மெழுகுவர்த்தி கெடாது, எமர்ஜென்சி லைட் சமயத்தில் காலை வாரிவிடும்" என்பார்கள். நியாயமான பேச்சு. மலிவான எமர்ஜென்சி லைட் பலவற்றில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் பரணில் கிடந்தால் அது செத்துவிடும். அதனால்தான் பேட்டரி மாற்றிப் போடுகிற விளக்கைச் சொல்கிறேன். ஆல்கலைன் பேட்டரியை விளக்கில் போடாமல் உறையோடு தனியாக வைத்தால் ஐந்து வருஷத்துக்கு மேலும் தாங்கும். "போனில் டார்ச் இருக்கிறதே" என்றால், புயலுக்குப் பிறகு சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். மிச்சமிருப்பதை ஆபத்து அவசரத்துக்குப் பேச வைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு வாங்கக் கையில் காசில்லாத வீட்டுக்கு மெழுகுவர்த்திதானே கதி என்ற கேள்வி என்னையும் உறுத்துகிறது. ஆனால் கூரை வீட்டில், கொசுவலைக்குப் பக்கத்தில், குழந்தைகள் தூங்குகிற இடத்தில் திறந்த நெருப்பு ஏற்படுத்தும் சேதத்தைத் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான். புயல், மழைக்காலத்துக்கு மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச்சே போதும் என்று அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கமும் சொல்கிறது. நெருப்புதான் வழி என்றால், அடுப்படியில் இருக்கிற சமையல் எண்ணெயும் ஓர் அகலும் திரியும் மண்ணெண்ணெய் விளக்கைவிட நல்லது. மண்ணெண்ணெய் ஆவி 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடும். சமையல் எண்ணெய்க்கு அது 300 டிகிரியை ஒட்டி. அகல் கவிழ்ந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, திரியில் நெருப்பு இருக்கிறது. ஆனால் கொட்டிய எண்ணெய் குப்பென்று பற்றுவது அரிது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட மெழுகுவர்த்தியைத் தூக்கிப் போட வேண்டாம். அகலமான எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி, நடுவில் நட்டு, திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில், கேஸ் கசியவில்லை என்று உறுதியாகும்வரை தீக்குச்சியே கிழிக்காதீர்கள்.