மசகிடும் காலம் அறிவோம்

மலை மீது ஓர் இயந்திரம் பழுதுற்றால், அதனால் விளையும் துன்பம் சமவெளியில் உள்ளதினும் பெரிதாகும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில், சாமை விதைப்பதற்கு ஏற்ற ஈரப்பதம் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் உழவு இயந்திரத்தின் பேரிங் ஒன்று தேய்ந்து நின்றுவிட்டால், மாற்றுப் பொருளுக்காகப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலைச்சாலை வழியே இறங்கிச் செல்ல நேரிடும். சென்று மீள்வதற்குள் நிலத்தின் பதம் போய்விடும். சிறிதளவு கிரீஸ் இட மறந்தமையால் ஒரு பருவ விளைச்சலை இழப்பது தகுமோ?

மசகிடுதல் நமக்குப் புதியதன்று. வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்து, அவ்வண்டி மையை அச்சில் தடவிய பின்னரே நம் முன்னோர் மாட்டு வண்டியைப் பூட்டினர். இன்றைய கிரீஸும் அப்பணியையே செய்கின்றது. எண்ணெயைத் தன்னுள் தேக்கி வைத்துள்ள ஒருவகைச் சவர்க்காரக் குழம்பே கிரீஸ் ஆகும். நனைந்த பஞ்சு நீரைக் கசியவிடுவது போல, அது எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டு, இரும்போடு இரும்பு உராயாமல் காக்கின்றது. புழுதியும் நீரும் உட்புகாமல் தடுக்கின்றது. நாளடைவில் எண்ணெய் வற்றி, மண் கலந்துவிட்டால், காத்த கிரீஸே அரம் போல் உலோகத்தை அராவத் தொடங்கும்.

ஆகவே, எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை கிரீஸ் இடுதல் வேண்டும்? இதற்கு நாட்கணக்கைவிட, இயந்திரம் உழைத்த மணிக்கணக்கே சிறந்தது. இயந்திரத்துடன் வரும் கைந்நூல் கூறுவதே முதல் விதி. பொதுவாக, டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டின் மூட்டுகளுக்கு 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை, அதாவது உழவு நாட்களில் அன்றாடம் கிரீஸ் இடுதல் நன்று. டிராக்டரின் முன் அச்சு மூட்டுகளுக்கு 50 மணிக்கு ஒருமுறை போதும். ஆயினும், சேற்றிலும் புழுதியிலும் உழைக்கும்போது அவற்றையும் நாள்தோறும் கவனித்தல் வேண்டும். இயந்திரத்தை நீரால் கழுவிய பின்னரும், பருவம் முடிந்து கொட்டகையில் நிறுத்து முன்னரும் மறவாது கிரீஸ் இட்டால், உள்ளே தங்கிய நீர் வெளியேறும், துரு ஏறாது.

மிகுதியாக இடுவதும் தீங்கே. விரைந்து சுழலும் பேரிங்கில் கிரீஸை அளவின்றித் திணித்தால் அது சூடேறும்; ஓரத்து அடைப்பு பிதுங்கிக் கிழியும்; அவ்வழியே மண் புகும். அத்தகைய இடங்களில் கிரீஸ் கன்னின் இரண்டொரு அழுத்தங்களே அமையும். திறந்த மூட்டுகளிலோ, பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும் வரை இடலாம். இருபுறமும் மூடி வரும் பேரிங்குகளுக்குக் கிரீஸ் இடத் தேவையில்லை.

கிரீஸ் இடுமுன் நிப்பிளைத் துணியால் துடைத்தல் வேண்டும். இன்றேல் மேலே படிந்த மண்ணை நாமே உள்ளே செலுத்தியவராவோம். வகை வேறான கிரீஸ்களைக் கலத்தலாகாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும். சாமை, தினை முதலியவற்றின் உமி நீக்கும் பொறிகளில், தானியம் படக்கூடிய இடங்களுக்கு உணவுப் பொறிகளுக்கென விற்கப்படும் கிரீஸையே இடுதல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, இயந்திரத்தை முற்றிலும் நிறுத்திய பின்னரே கை வைத்தல். சுழலும் தண்டு வேட்டி நுனியையோ சேலைத் தலைப்பையோ பற்றினால், உயிருக்கே இறுதி நேரக்கூடும்.

கொட்டகைச் சுவரில் ஓர் அட்டையை மாட்டி, ஒவ்வொரு நாளும் இயந்திரம் உழைத்த மணியையும், கிரீஸ் இட்ட நாளையும் குறித்து வருவோமாக. பலர் கூடி ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஊர்களில் இவ்வட்டை இன்றியமையாதது. ‘மற்றவர் இட்டிருப்பார்’ என்று ஒவ்வொருவரும் எண்ணுவதாலேயே அங்குப் பொறிகள் கெடுகின்றன. மாலையில் ஏர் அவிழ்த்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாத உழவர் நம்மிடையே இல்லை. இயந்திரத்திற்கும் அக்கரிசனத்தைக் காட்டுவோமாயின், அது பருவந்தோறும் நமக்குக் கைகொடுக்கும்.