முகத்துக்கு மட்டும் தனியாக ஓராண்டு ‘ஃபெல்லோஷிப்’... ஏன்?

‘பிளாஸ்டிக் சர்ஜரின்னா அழகுக்குத்தானே?’ அது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் காது-மூக்கு-தொண்டை மருத்துவத்தில் 5 ஆண்டு பயிற்சி முடித்தவர்களும், முகச் சீரமைப்புக்காக இன்னும் ஓராண்டு ‘ஃபெல்லோஷிப்’ சேர்கிறார்கள்.

தோல் புற்றுநோயால் மூக்கில் பாதியை இழந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றித் தோலை ரத்தக்குழாயோடு திருப்பி மூக்கில் தைப்பார்கள். உள்ளே தாங்கலுக்குக் காதிலிருந்து எடுத்த குருத்தெலும்பு. சுமார் 3 வாரம், புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே தொங்கும் தோலோடுதான் அவர் நடமாட வேண்டும். பிறகே அந்த இணைப்பை வெட்டுவார்கள். அவசரப்பட்டால் ஒட்டிய தோல் செத்துப்போகும். எப்போது வெட்டலாம் என்ற கணிப்பு புத்தகம் படிச்சு வராது. மூத்தவர் பக்கத்தில் நின்று பழகணும்.

சொல்லப்போனால், இந்த நெற்றித்தோல் முறை இங்கிருந்து போனதுதான். இந்தியாவில் நடந்த ஆபரேஷனைப் பற்றி 1794-ல் லண்டன் இதழ் எழுதியது. 1814-ல் ஜோசப் கார்ப்யூ அதை இங்கிலாந்தில் செய்தார்.