புலம்பலிலிருந்து கொற்கைக்கு

கொற்கையில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல் சூழ்ந்த சிற்றூர். துறைமுகம் முதலில் காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. அந்தத் தூத்துக்குடியின் கதையைச் சொல்லும் நாவலுக்குத்தான் எழுத்தாளர் ஜோ டி குரூஸ் ‘கொற்கை’ என்று பெயர் வைத்தார்.

உவரி என்ற கடலோர ஊரில் 1963இல் பிறந்தவர் அவர். பிழைப்பு கப்பல் போக்குவரத்துத் துறையில். முதலில் எழுதியது கவிதை. தொகுப்பின் பெயர் ‘புலம்பல்கள்’. மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்ததோடு பலர் எழுத்தை முடித்துக்கொள்வார்கள். இவர் நாவலுக்கு நகர்ந்தார்.

2004இல் ‘ஆழி சூழ் உலகு’ வந்தது. நடுக்கடலில் உயிரைக் கையில் பிடித்தபடி தத்தளிக்கும் மூன்று பேர். அவர்களைச் சுற்றி ஆமந்துறை என்ற ஊரின் அரை நூற்றாண்டு வாழ்க்கை. புலம்பும்போது நம் வலி ஒன்றே கண்ணுக்குத் தெரியும். நாவலில் ஒவ்வொருவர் பக்கமும் போய் நின்றாக வேண்டும். கடலுக்குப் போனவனின் துணிச்சலை எழுதிய அதே கை, கரையில் நடக்கும் வஞ்சத்தையும் அடிதடியையும் எழுத வேண்டும். ஜோ டி குரூஸ் எதையும் மறைக்கவில்லை. அவருடைய சொந்தப் பரதவ மீனவச் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. அதற்குப் பிறகும் அவர் எழுத்து மழுங்கவில்லை. அவர் எழுத்தாளராக வளர்ந்தது இந்த இடத்தில்தான் என்பேன்.

2009இல் வந்த ‘கொற்கை’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். முதல் நாவலின் கட்டுமரம் போய் இதில் தோணி வருகிறது. பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் அதன் தலைவரான தண்டல் வைத்ததுதான் சட்டம். வாடையா, கொண்டலா, சோழகாத்தா என்று காற்றை அறிந்து பாயை மாற்றாவிட்டால் சரக்கோடு ஆளும் போய்விடும். அந்தத் தொழிலையும், அதை நம்பிக் கிடந்த பரதவர்களையும், வணிகம் செய்த பிற சமூகத்தாரையும், பாதிரியார்களையும், வெள்ளைக்காரர்களையும் ஒரே நகரத்துக்குள் வைத்துப் பார்க்கும் நிதானம் முதல் நாவலில் இந்த அளவுக்கு இல்லை. கப்பல் தொழிலில் கழித்த வருடங்களும் அதற்குக் கைகொடுத்திருக்க வேண்டும். 2013இல் சாகித்ய அகாதெமி விருது இந்த நாவலைத் தேடி வந்தது.

புதிதாகப் படிக்க எடுப்பவர்கள் ‘ஆழி சூழ் உலகி’லிருந்து தொடங்குங்கள். நெய்தல் பேச்சுவழக்கு முதல் ஐம்பது பக்கம் தடுமாற வைக்கும். அதைத் தாண்டிவிட்டால் ‘கொற்கை’யின் ஆயிரம் பக்கம் பெரிதாகத் தெரியாது.